மூன்றாம் நம்பர் அண்டா

மில் கேன்டீனில் வேலைக்குச் சேர்ந்த நான்காவது நாள் சமையல் மாஸ்டர் என்னை அடித்தார். அரிசி களைந்த தண்ணீரை வடிகாலில் ஊற்றாமல் தரையில் ஊற்றிவிட்டேன். கையிலிருந்த சாம்பார் துடுப்பைத் திருப்பிப் பிடித்து, காம்பால் என் முதுகில் ஒன்று வைத்தார். வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். முகத்தில் கோபம்கூட இல்லை. ஈ ஓட்டுவது போல அடித்தார்.

நான் அழவில்லை. அப்போது எனக்கு இருபத்தாறு வயது. திண்டிவனத்தில் ஒரு லாரி டிரைவரைக் கட்டிக்கொண்டு ஆறு வருஷம் அடி வாங்கிவிட்டு, இடது காது பாதி செவிடான பிறகு அங்கிருந்து கிளம்பியவள் நான். ஒலக்கூர் பக்கத்தில் இருந்த பிறந்த வீட்டில் இரண்டு மாதம் வைத்துக்கொண்டார்கள். பிறகு புருஷன் வீட்டுக்கே போய்விடு என்றார்கள். நான் விழுப்புரத்துக்கு பஸ் ஏறினேன். ஊருக்கு வெளியே இருந்த நூல் மில்லில், கேன்டீனுக்கு ஆள் வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். எண்பதுகளின் தொடக்கம் அது.

கேன்டீனில் பன்னிரண்டு பேர் வேலை செய்தோம். அதில் மாஸ்டரிடம் அடி வாங்காதவர் ஒருவர்தான். காய் நறுக்கும் அக்கா. வளவனூர்க்காரி, நாற்பது வயதிருக்கும், புருஷன் இல்லை, ஒரே மகள். வேலைக்கு வந்த முதல் நாளே மாஸ்டரிடம், என் மேல் கை வைத்தால் அரிவாள்மணையில் வைத்து நறுக்கிவிடுவேன் என்று சொல்லிவிட்டாளாம். அவர் நம்பினார். அன்று என் முதுகில் எண்ணெய் தேய்த்துவிட்டவள் அவள்தான்.

“நீயும் ஒரு தரம் திருப்பிக் குட்த்துடு. அப்புறம் தொடமாட்டான்” என்றாள்.

எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

மூன்றாவது மாதம் என் புருஷன் வந்தான். மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். பின்வாசல் வழியாக வந்து என் தலைமயிரைச் சுருட்டிப் பிடித்து, விறகுக் குவியல்களுக்கு நடுவே இழுத்துக்கொண்டு போனான். சமையல்கட்டில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். புருஷன் பெண்டாட்டி விஷயம். அக்கா அன்று லீவு. என் நெற்றியை அவன் ஒரு விறகுக்கட்டையில் இரண்டு முறை மோதினான். மூன்றாவது முறை மோதுவதற்குள் அவன் கை தளர்ந்தது.

மாஸ்டர் அவன் முழங்காலில் துடுப்பால் அடித்திருந்தார். அவன் கீழே விழுந்து, நான் இவள் புருஷன் என்றான்.

“இருந்துட்டுப் போ. இங்க இவ என் ஆளு. இவள அடிக்கணும்னா நான்தான் அடிப்பேன்” என்றார் மாஸ்டர்.

சொல்லிவிட்டு அடித்தார். துடுப்பு உடையும்வரை அடித்தார். உடைந்த பிறகு காலால் உதைத்தார். என் புருஷன் மண்ணில் ஊர்ந்துகொண்டே கேட்டைத் தாண்டினான். அதன் பிறகு அவன் என்னைத் தேடி வரவே இல்லை.

அந்தப் பின்மதியத்தில் என் நெற்றியிலிருந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஆனால் என் வாழ்க்கையில் அதுவரை அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. ஒரு மனிதன் அடிபடுவதைப் பார்த்து வந்த சந்தோஷம். அதை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அது உண்மை. அன்றிலிருந்து மாஸ்டர் எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்காமல் செய்தேன். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. ஒருவனிடமிருந்து தப்பி இன்னொருவனிடம் மாட்டிக்கொண்டாய் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அடுத்த வருஷம் விறகு அடுப்புகளை இடித்தார்கள். மில்லில் சாயப் பகுதிக்காகப் பெரிய பாய்லர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து கேன்டீனுக்கு ஒரு குழாய் இழுத்து, நீராவியிலேயே சமைப்பது என்று நிர்வாகம் முடிவு செய்திருந்தது. திண்டிவனத்தில் ஒரு பட்டறையில் செய்த ஆறு எவர்சில்வர் அண்டாக்கள் லாரியில் வந்து இறங்கின. ஒவ்வொன்றிலும் ஒரு ஆள் இறங்கி உட்காரலாம். இரும்புக் கால்களுக்கு நடுவே தொங்கும். பக்கத்திலிருக்கும் சக்கரத்தைச் சுற்றினால் அண்டா அப்படியே சாய்ந்து சோற்றைக் கொட்டும். ஆறுக்கும் பெயின்டால் நம்பர் போட்டார்கள்.

பட்டறையிலிருந்து வந்த ஃபிட்டர் ஒரு வாரம் தங்கி எல்லாவற்றையும் பொருத்தினார். மெலிந்த ஆள், பேச்சு குறைவு. அண்டாவுக்கு இரண்டு சுவர் இருக்கிறது, நீராவி அந்த இரண்டுக்கும் நடுவில்தான் வரும், சாப்பாட்டைத் தொடாது என்று எங்களுக்கு விளக்கினார். மீட்டரில் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால், பக்கவாட்டில் எடை தொங்கும் வால்வு தானாகவே தூக்கிக்கொண்டு நீராவியை வெளியே விட்டுவிடும். பாய்லரிலிருந்து வரும் அழுத்தம் மிக அதிகம் என்பதால் சுவரில் ஒரு பெரிய வால்வு அதைக் குறைத்து அனுப்பும். அதைச் சுற்றிக்கொண்டு போகும் பைபாஸ் குழாயை மட்டும் யாரும் தொடக் கூடாது.

முதல் சில வாரங்கள் எனக்கு அந்த அண்டாக்கள் பெரிய விடுதலையாக இருந்தன. புகை இல்லை. கண் எரியவில்லை. அரிசி போட்டுப் பேசி முடிப்பதற்குள் சோறு வெந்தது. ஆனால் நெருப்பு கண்ணுக்குத் தெரியும், தள்ளி நிற்கலாம். இது தெரியாது. வெளிச்சுவரில் முழங்கையை வைத்த சமையல்காரர் ஒருவருக்குத் தோல் அங்கேயே ஒட்டிக்கொண்டது. கீழே தண்ணீர் வடியும் குழாயைத் திறந்த இன்னொருவருக்கு ஒரு மாதம் பாதத்தைத் தரையில் ஊன்ற முடியவில்லை.

அந்தச் சமயத்தில் மில்லில் புதிதாக நிறையப் பேரை எடுத்தார்கள். அதே ஆறு அண்டாக்களில் அவர்களுக்கும் சேர்த்துச் சமைக்க வேண்டும். ஒரு நாள் முதல் பந்திக்குச் சோறு அரைவேக்காடாகப் போய்விட்டது. தொழிலாளி ஒருவர் தட்டோடு தூக்கிப் பரிமாறியவரின் முகத்தில் அடித்தார். நெற்றி பிளந்தது. பெஞ்சுகளைக் கவிழ்த்தார்கள். சாம்பார் வாளியை எட்டி உதைத்தார்கள். மாஸ்டரின் சட்டைக் காலரைப் பிடித்து நாலு பேர் உலுக்கினார்கள். கேன்டீனைக் குத்தகைக்கு எடுத்திருந்த கான்டிராக்டர் சாயங்காலம் வந்து, எங்கள் எல்லோர் முன்னிலையிலும், நாளைக்கு ஒரு நிமிஷம் தாமதமானாலும் நீ இங்கே நிற்கக் கூடாது என்று மாஸ்டரிடம் சொன்னார். எங்களை எல்லாம் அடிக்கிற அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

மறுநாள் காலையில் அவர் பைபாஸைத் திறந்தார். அண்டாக்கள் வெறி பிடித்தவை போலக் கொதித்தன. ஆனால் உடனே ஆறு வால்வுகளும் தூக்கிக்கொண்டு கத்தத் தொடங்கின. சமையல்கட்டு முழுக்க நீராவி. ஒருவர் முகம் இன்னொருவருக்குத் தெரியவில்லை. விறகு கட்டி வந்த இரும்புக் கம்பிச் சுருள் ஒன்று மூலையில் கிடந்தது. அதை எடுத்து என் கையில் கொடுத்தார்.

“நீதான் ஒல்லியா கீறே. சந்துல பூந்து அந்த எடையெல்லாம் இழுத்துக் கட்டிடு. ஜல்தி” என்றார்.

நான் கட்டினேன். ஒவ்வொரு அண்டாவுக்கும் சுவருக்கும் நடுவே நுழைந்து, எடை தொங்கும் தண்டைக் கீழே இழுத்து, இரும்புக் காலோடு சேர்த்து முறுக்கினேன். கத்தல் ஒவ்வொன்றாக அடங்கியது. அன்று சோறு நேரத்துக்கு முன்பே ஆயிற்று. அதிலிருந்து தினமும் காலையில் கட்டுவேன். மதியம் யாரும் பார்ப்பதற்குள் அவிழ்த்துவிடுவேன். கட்டாதே என்று அக்கா சொன்னாள். அடிப்பார் என்றேன். அடித்தால் அடிக்கட்டும், நானும் இருக்கிறேன் என்றாள். என்னால் அவரிடம் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. விறகுக் குவியலுக்கு நடுவே துடுப்போடு வந்து நின்ற அவரைத்தான் நான் எப்போதும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வாரம் கழித்து, கசிவு பார்ப்பதற்காக ஃபிட்டர் சொல்லாமல் வந்தார். கம்பிகளைப் பார்த்ததும் பையிலிருந்து கட்டிங்பிளேயரை எடுத்து ஆறையும் வெட்டிப்போட்டார். பைபாஸை மூடினார். யார் கட்டியது என்று கேட்டார்.  பதிலுக்கு மாஸ்டர் ஃபிட்டரின் கன்னத்தில் அறைந்தார். ஃபிட்டர் அவர் சட்டையைப் பிடித்தார். இருவரும் ஈரத்தரையில் வழுக்கி விழுந்து புரண்டார்கள். மெலிந்த மனிதருக்கு இவ்வளவு பலமா என்று இருந்தது. ஆனாலும் மாஸ்டர்தான் மேலே வந்தார். ஃபிட்டரின் உதடு கிழிந்து பல் சிவப்பாகத் தெரியும்வரை குத்தினார்.

ஃபிட்டர் எழுந்து பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது என் அருகில் நின்றார். என் விரல்களில் கம்பி கீறிய கோடுகளைப் பார்த்துவிட்டார்.

“உள்ள மாட்டிக்கினு இருக்கிறது வெளிய வர அந்த ஒரு வழிதான்மா கீது. அத்த மூடினா, அது வேற எங்கனா கிழிச்சிக்கினு வரும்” என்றார்.

அவர் ஆபீஸில் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். கான்டிராக்டர் வந்து மாஸ்டரோடு தனியாகப் பேசினார். இரண்டு நாள் நான் கட்டவில்லை. இரண்டு நாளும் பந்தி தாமதம், இரண்டு நாளும் தகராறு. மூன்றாம் நாள் காலை, மற்றவர்கள் வருவதற்குள், மாஸ்டர் பைபாஸைத் திறந்துவிட்டுக் கம்பியை மறுபடியும் என் கையில் வைத்தார். நான் கட்டினேன். ஃபிட்டர் சொன்னது காதில் இருக்கும்போதே கட்டினேன்.

அன்று காலை பத்து மணி இருக்கும். நான் தூணுக்குப் பின்னால் அரிசி களைந்துகொண்டிருந்தேன். மூன்றாம் நம்பர் அண்டாவில் சாம்பார். அக்கா பூசணிக்காய்க் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அதன் விளிம்புக்குப் போகும் இரும்புப் படியில் ஏறினாள். இரும்பு முனகுவது போல ஒரு சத்தம் கேட்டது. அவள் என்னவென்று குனிந்து பார்த்தாள்.

அண்டாவின் உள்சுவர் அடியில் பிய்ந்துகொண்டு மேலே வந்தது. உள்ளேயிருந்த சாம்பார் முழுவதும் எழும்பி ஆஸ்பெஸ்டாஸ் கூரையை உடைத்தது. தூண் என்னைக் காப்பாற்றியது. வெள்ளையாக ஒரு சுவர் வந்து எல்லாவற்றையும் மூடியது. அதற்குள்ளிருந்து அலறல்கள் கேட்டன. அக்காவின் குரலை மட்டும் என்னால் பிரித்துக் கேட்க முடிந்தது. மேலே கூரையிலிருந்து பருப்பும் உடைந்த கூரைத் துண்டுகளும் கொட்டிக்கொண்டே இருந்தன.

எல்லோரும் வெளியே ஓடினோம். மாஸ்டர் ஒருவர்தான் உள்ளே ஓடினார். திரும்பி வந்தபோது அவர் கைகளில் அக்கா இருந்தாள். அவள் முகத்தில் ஒரு பக்கம், கழுத்து, தோள், வலது கை எல்லாம் வெந்திருந்தன. கூந்தலில் பூசணித் துண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அவளைத் தாங்கிய மாஸ்டரின் முழங்கைவரை தோல் உரிந்து, அவளுடைய புடவையோடு போயிருந்தது. வண்டி, வண்டி என்று கத்திக்கொண்டே மில் வேன் நிற்கும் இடம்வரை ஓடினார். பரிமாறும் இரண்டு பேருக்கும் காலில் காயம். மூவரையும் ஏற்றினார்கள். விழுப்புரத்தில் பார்க்காமல் பாண்டிச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனார்கள். வளவனூரைத் தாண்டும்போது அக்கா வண்டியை நிறுத்தச் சொன்னாளாம், மகளை ஒரு முறை பார்த்துவிட்டுப் போகிறேன் என்று. நிறுத்தவில்லை.

வேன் போன பிறகு மாஸ்டர் கைகளை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்து வந்தார். அதற்குள் தொழிலாளிகள் மிஷின்களை விட்டுவிட்டு ஓடிவந்திருந்தார்கள். மிச்சமிருந்த ஐந்து அண்டாக்களிலும் கம்பி கட்டியிருந்ததை யாரோ பார்த்துவிட்டார்கள். வால்வைக் கட்டியிருக்கிறான் என்று ஒரு குரல் எழுந்தது. அவ்வளவுதான்.

பெஞ்சுக் கால், பெல்ட், ஸ்பேனர், கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்து அடித்தார்கள். முதலில் தொழிலாளிகள் அடித்தார்கள். பிறகு சமையல்கட்டு ஆட்கள் உள்ளே புகுந்தார்கள். அத்தனை வருஷம் வாங்கியதை எல்லாம் அந்தக் கால் மணி நேரத்தில் திருப்பிக் கொடுத்தார்கள். அவரால் கையைத் தூக்கித் தடுக்கவும் முடியவில்லை. முழங்கால் போட்டு விழுந்தார். முகத்தைத் தூக்கிக் கூட்டத்தைப் பார்த்தார். அவர் வாய் திறந்தது.

நான் ஒரு துடுப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அக்காவுக்காக அடித்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். அவர் என்னைப் பார்த்தார். நான்தான் கட்டினேன் என்று சொல்லிவிடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் வாயைக் குறிபார்த்துத்தான் அடித்தேன். எலும்பு உடைவது காம்பு வழியாக என் உள்ளங்கைக்குத் தெரிந்தது. அவர் பார்வையை என்னைவிட்டு எடுக்கவில்லை. நான் இன்னொரு முறை அடித்தேன்.

போலீஸ் வந்துதான் அவரை எடுத்துப் போனது. அடித்தவர்கள் யார் என்று எவரும் சொல்லவில்லை. விசாரணைக்கு வந்த அதிகாரிகள் எங்கள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். வால்வை யார் கட்டியது என்று பார்த்தாயா என்று என்னைக் கேட்டபோது, பார்க்கவில்லை என்றேன். மாஸ்டரால் பேச முடியவில்லை. தாடையைக் கட்டிப் படுக்கவைத்திருந்தார்கள். நீயா கட்டினாய் என்று கேட்டதற்கு ஆமாம் என்று தலையை ஆட்டினாராம். கேஸ் நடந்து அவர் சில மாதம் உள்ளே இருந்தார். கான்டிராக்டரை மாற்றினார்கள். புதிய மூன்றாம் நம்பர் அண்டா வந்தது. நான் அதில் சாம்பார் கொதிக்கவிட்டேன்.

ஏழு மாதம் கழித்து அக்கா வேலைக்குத் திரும்பினாள். ஒரு கண் முழுதாக மூடாது. வலது கை விரல்கள் மூன்று ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. இடது கையால் காய் நறுக்கப் பழகியிருந்தாள். புதிய ஆட்கள் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்கள். அவள் மாஸ்டரைத் தினமும் சபிப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். கட்டாதே என்று அவள் எனக்குச் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. ஆனால் ஃபிட்டர் வெட்டிப்போட்ட பிறகு நான் கட்டுவதை நிறுத்திவிட்டேன் என்று நினைத்திருந்தாள். அன்று கடைசியாகக் கட்டியது மாஸ்டர்தான் என்று எல்லோரையும் போல அவளும் நம்பினாள்.

ஒரு மாதம்தான் என்னால் தாங்க முடிந்தது. ஒரு மதியம், இருவரும் கத்தரிக்காய்க் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது சொன்னேன். அன்று காலையும் நான்தான் கட்டினேன் என்றேன். எதற்காக மாஸ்டரின் வாயில் அடித்தேன் என்பதையும் சொன்னேன்.

அவள் இடது கையால் என்னை அறைந்தாள். பிறகு அந்த ஒட்டிப்போன விரல்களாலும் அறைந்தாள். நான் முகத்தைத் திருப்பவில்லை. மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. மூச்சு வாங்கும்வரை அடித்துவிட்டு, கை வலிக்கிறது என்று அழுதாள்.

“என்கிட்ட சொல்லி இன்னாத்துக்கு ஆவுது? போயி அந்த ஆளுகிட்ட சொல்லு” என்றாள்.

அவர் திண்டிவனத்தில்தான் இருக்கிறார் என்று தெரிந்தது. என் புருஷன் இருந்த ஊர் என்பதால் அங்கே கால் வைக்கவே நான் பயந்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஓட்டு வீடு. கதவைத் திறந்தது அவர் மனைவி. அவருக்கு ஒரு மனைவி இருப்பார் என்பதை நான் அதுவரை யோசித்ததே இல்லை. மில் கேன்டீனிலிருந்து வருகிறேன் என்றதும், அந்த அம்மாள் என் கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

“துடுப்பால அடிச்ச பொம்பள நீதானா?” என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். கதவைச் சாத்திவிடுவார், அல்லது அடிப்பார் என்று நின்றேன். அவர் வழிவிட்டார்.

மாஸ்டர் சுவரோரம் பாயில் உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். தாடை ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. கைகளில் பளபளவென்று புதுத்தோல். ஆள் பாதியாகியிருந்தார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நான் கட்டினதாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். வார்த்தைகள் அவருக்குக் கோணலாக, எச்சிலோடு வந்தன.

“கட்டச் சொன்னது நானு. மாட்டேன்னு சொல்லியிருந்தா உன்னையும் அடிச்சிருப்பேன். உன் பேரைச் சொல்லி இன்னா பண்றது?”

 மன்னிப்பு என்ற பேச்சே வரவில்லை. என்னை உட்காரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. இன்னும் நாலு காயை உரித்துப்போட்டார். பிறகு, அந்தப் பொம்பளைக்குக் கண் தெரிகிறதா என்று கேட்டார். தெரிகிறது என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். அவர் மனைவி வாசல்வரை வந்து, இனிமேல் இங்கே வராதே என்று அமைதியாகச் சொன்னார். அதன் பிறகு நான் அங்கே போகவில்லை.

மறுநாள் மேனேஜரிடம் போய், வால்வைக் கட்டியது நான் என்று சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கேஸ் முடிந்துவிட்டது, போய் வேலையைப் பார் என்றார். சமையல்கட்டுக்குத் திரும்பினேன். அக்கா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் என்னோடு பேசி பத்து நாள் ஆகியிருந்தது. அவள் எதிரில் உட்கார்ந்து, திண்டிவனம் போய்வந்ததைச் சொன்னேன்.

அவள் கையிலிருந்த காயை நறுக்கி முடித்தாள். பிறகு, “மெல்ல முடியுதா அந்த ஆளால?” என்று கேட்டாள்.

முடியாது போலிருக்கிறது என்றேன். உரித்துக்கொண்டிருந்த மல்லாட்டையில் ஒன்றைக்கூட அவர் வாயில் போடவில்லை என்று சொன்னேன். அவள் முருங்கைக்காய்க் கட்டு ஒன்றை எடுத்து என் பக்கம் தள்ளினாள். நான் அவிழ்த்து நறுக்க ஆரம்பித்தேன்.